ஏழுமலைக்கு எடுத்த அளவு

கடலூரில் மனிதர்களை அளந்து பார்த்து இயந்திரம் செய்து கொடுத்த ஒரே ஆள் எங்கள் டெய்லர்தான். உலகத்திலேயே ஒரே ஆள் என்றும் சொல்வேன். மறுப்பவர்கள் இன்னொருவரைக் காட்டட்டும். இத்தனைக்கும் அவருக்குத் துணி தைக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் அறுந்தால் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டுக்கொள்வார். ஆனால் கழுத்தில் எந்நேரமும் ஒரு அளவு நாடா தொங்கும். அந்த நாடாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை எழுதும்போதும் வருகிறது.

முதுநகரில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்பக்கம் இருந்தது எங்கள் பட்டறை. பாலம் கட்டுகிறவர்களுக்கு மின்சார வின்ச் செய்து கொடுப்போம். வின்ச் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, உருளையைச் சுழற்ற ஒரு மோட்டார். உருளை சுற்றினால் கயிறு சுருளும். கயிற்றின் மறுமுனையில் பாலத்தின் கர்டர், அதாவது லாரியைவிட நீளமான உத்தரம், மெல்ல மேலே எழும்பும். ஒரு பாலத்தைப் போல இன்னொன்று இருக்காது என்பதால் எடைக்கும் உயரத்துக்கும் தக்கபடி ஒவ்வொன்றையும் தனியாகச் செய்ய வேண்டும். அதுவரைக்கும் எனக்குச் சம்மதம். டெய்லர் அதோடு நிற்கவில்லை. வின்ச்சை ஓட்டப்போகிற ஆளின் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்க மாட்டேன் என்பார். பட்டறைக்கு அவர்தான் மேஸ்திரி. முதலாளியே அவரை "மாமா" என்றுதான் கூப்பிடுவார். நாங்களும் அப்படியே.

நான் 2006இல் அங்கே சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், தாத்தாவும் அதேதான். எடை தூக்குவது எங்கள் பரம்பரைத் தொழில். மோட்டார் வைத்துத் தூக்கியவள் நான்தான் முதல். சிதம்பரத்தில் தங்கி இன்ஜினியரிங் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தேன். பட்டறையில் எனக்கென்று ஒரு டிசைன் மேசை போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அந்த மேசையைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மேசைக்கு இழுப்பறை உண்டா என்று விசாரித்தவர்களும் உண்டு.

முதல் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு டிராயிங் போட்டேன். டெய்லர் வந்து பார்த்தார். நாடாவின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆளு எங்க?"

"எந்த ஆளு மாமா?"

"ஓட்டற ஆளு."

"இது வின்ச்சோட டிராயிங் மாமா. ஆளை எல்லாம் வரைய மாட்டாங்க."

"அப்ப இது தானா ஓடுமா? பரவாயில்லியே. எந்த காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?"

சொல்லிவிட்டு என் பென்சிலை எடுத்தார். என் டிராயிங்கின் நடுவில், மோட்டாருக்குப் பக்கத்தில், ஒரு ஆளை வரைந்தார். அந்த ஆளுக்கு மீசையும் வைத்தார். அதற்குப் பிறகு நான் போட்ட ஒரு டிராயிங்கும் மீசை இல்லாமல் பட்டறைக்குள் போனதில்லை. ஒருமுறை பொறுக்க முடியாமல் நானே மீசையோடு ஒரு ஆளை வரைந்து கொடுத்தேன். "இந்த ஆளுக்குக் கழுத்தே இல்லியே. இவன் எப்படி மேல பாப்பான்?" என்று திருப்பி அனுப்பினார்.

அவர் அளவெடுக்கும் லட்சணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாலம் கட்டும் இடத்துக்கே போவார். வின்ச் ஓட்டுகிறவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, முழங்கால், முழங்கை, கண் மட்டம், உள்ளங்கை அகலம் எல்லாவற்றையும் ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொள்வார். கடைசியாக ஒரு பரீட்சை. பொரி வாங்கிய காகிதப் பையை ஊதி, அந்த ஆளுக்குத் தெரியாமல் பின்னால் போய், காதருகே படாரென்று உடைப்பார். பயந்தால் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத்தான். பதறும்போது கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் வின்ச் நிற்கும்படி கைப்பிடி வைக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஒரு பாலத்தில் ஒரு பயில்வான் ஆபரேட்டர் பயந்த வேகத்தில் திரும்பி ஒரு அறை விட்டார். டெய்லர் கன்னத்தைத் தடவிக்கொண்டே அட்டையில் எழுதியதை நான் படித்திருக்கிறேன்: "கை முன்பக்கம் போகிறது. வேகம் ஜாஸ்தி."

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். முன்னும் பின்னும் நகர்கிற சீட்டு, ஏற்றி இறக்குகிற கைப்பிடி. இரண்டையும் வைத்துவிட்டால் எந்த ஆள் வந்தாலும் உட்காரலாம். பஸ் டிரைவர் சீட்டு நகரவில்லையா? இதற்காக நாடாவோடு ஊர் ஊராக அலைய வேண்டுமா? நியாயமான கேள்வி. இன்றைக்கும் நியாயமான கேள்விதான்.

"ரெடிமேடு," என்றார் டெய்லர், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வதைப் போல. "ரெடிமேடு போட்டவங்களுக்குத் தோள் ஒரு பக்கம் நிக்கும், தையல் ஒரு பக்கம் நிக்கும். நீயே பாரு."

நான் அன்றைக்கு ரெடிமேட் சுடிதார்தான் போட்டிருந்தேன். தோள் சரியாக இல்லைதான். அதற்காக ஒரு இன்ஜினியரிடம் அதைச் சொல்லலாமா?

முதலாளி அவர் பக்கம். டெய்லர் செய்த வின்ச்சில் உட்கார்ந்த ஆபரேட்டர் வேறு வின்ச்சில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் ஆர்டர் தானாக வருகிறது என்பது அவர் கணக்கு. அதனால் என் நகரும் சீட்டு இரண்டு வருடம் இழுப்பறையிலேயே நகராமல் கிடந்தது.

2008இல் வெள்ளாற்றுப் பக்கம் ஒரு பாலத்துக்கு வின்ச் வேண்டும் என்று ஒரு ஆர்டர் வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது. நான் கொண்டுவந்தேன். சிதம்பரத்தில் என்னோடு படித்தவள் மூலமாகத் தகவல் தெரிந்து, நானே போய்ப் பேசி, ஐப்பசி மழைக்கு முன்னால் கர்டர் மேலே ஏறிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தை மாதம் வரை வேலை நின்றுவிடும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ கொண்டாந்த வேலை, நீயே டிசைன் பண்ணு. சொன்ன நாள்ல ஓடிச்சின்னா அந்த மேசை ஒனக்கு. ஓடலன்னா நீ ஆபீஸ் ரூமுக்குப் போயி லெட்டர் டைப் அடிக்கற வேலையப் பாரு. வருத்தப்படக் கூடாது."

வருத்தப்படக் கூடாதாம். அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் மேசை அது.

அளவெடுக்க நானும் டெய்லரும் பஸ்ஸில் போனோம். கரையில் போட்டிருந்த தகர ஷெட்டில், காண்டிராக்டரின் சைட் இன்ஜினியரோடு ஒவ்வொரு தாளாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். டெய்லர் கீழே ஆற்று மணலில் இறங்கிப்போனார். ஆபரேட்டர் பெயர் ஏழுமலை என்று சைட் இன்ஜினியர் சொல்லியிருந்தார். கொஞ்ச நேரத்தில் படாரென்று சத்தம் கேட்டது. சைட் இன்ஜினியர் எழுந்தே விட்டார். "ஒண்ணும் இல்ல சார், அளவெடுக்கறாரு," என்றேன். வெட்கமாக இருந்தது.

டெய்லர் கொண்டுவந்த அட்டையில் உயரம் நாலே முக்கால் அடி என்று இருந்தது. குள்ளமான ஆள் என்று நினைத்துக்கொண்டு, அந்த அளவுக்கே ஒரு நூல் பிசகாமல் டிராயிங் போட்டேன். சீட்டு, கால் பிரேக், வெயிலுக்குத் தலைக்கு மேல் ஒரு தகரக் கூரை, எல்லாம் அந்த நாலே முக்கால் அடிக்கு. சீட்டை நகரும்படி வைக்கலாமா என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். "எதுக்கு நகரணும்? ஏழுமலை நகர்றானா?" என்றார்.

புரட்டாசி கடைசியில் வின்ச்சை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். கரையில் கான்கிரீட் மேடையில் இறக்கி போல்ட் போட்டு முடுக்கியாயிற்று. ஆபரேட்டரைக் கூப்பிடச் சொன்னோம். வந்த மனிதர் ஆறடிக்கு ஒரு விரல்கடைதான் குறைவு. நான் அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

"நீதான் ஏழுமலையா?" என்று கேட்டார் டெய்லர்.

"ஆமா மாமா," என்றார் அவர், மணலைப் பார்த்துக்கொண்டு.

உட்காரச் சொன்னோம். தலை கூரையில் இடித்தது. தலையைச் சாய்த்து உள்ளே நுழைத்து உட்கார்ந்தார். முட்டி இரண்டும் காதுகளைத் தொட்டன. கைப்பிடி அவருடைய முட்டிகளுக்கு நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் அப்பா உட்கார்ந்ததைப் போல இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சைட் இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"என்னங்க இது? இவருக்குத்தானே அன்னைக்கு அளவு எடுத்தீங்க?"

டெய்லர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை தன் முட்டிகளுக்கு நடுவிலிருந்து டெய்லரைப் பார்த்தார். பிறகு டெய்லர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார்.

"இவருக்குத்தான் சார். அளவு தப்பிப் போச்சி."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? மூன்றேகால் முழ நாடாவை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் என்னை ஆட்டி வைத்த மனிதர். ஒரு நூல் தப்பினால் டிராயிங்கைக் கிழிப்பவர். ஒரு மனிதரில் ஒரு அடிக்கு மேல் விட்டுவிட்டு, குழம்புக்கு உப்பு கூடிவிட்டது என்பதைப் போலச் சொல்கிறார். வானத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. என் மேசை போகப் போகிறது. நான் அங்கேயே செல்போனை எடுத்தேன். அவர் காதில் விழட்டும் என்றுதான் அங்கேயே பேசினேன்.

"முதலாளி, அளவு எடுத்தது நான் இல்ல. மாமா எடுத்தது. என் டிராயிங்குல ஒரு நூல்கூடத் தப்பு இல்ல. வேணும்னா அட்டையப் பாருங்க."

டெய்லர் ஒரு போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

அன்றைக்குப் பகல் முழுவதும் நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் ஏழுமலை வழியாகத்தான்.

"ஏழுமலை, அந்த இன்ஜினியரம்மாகிட்ட பெரிய ஸ்பேனரக் கேளு."

"ஏழுமலை அண்ணே, ஸ்பேனர் அவருக்கு முன்னாலயே கிடக்குதுன்னு சொல்லுங்க."

"சொல்றாங்க மாமா."

"கேட்டுச்சி. எனக்குக் காது தப்பலன்னு சொல்லு."

கூரையைக் கழற்றினோம். சீட்டை அறுத்து எடுத்து, வின்ச்சின் இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் இரண்டு ஆங்கிள் கம்பியை வெல்டிங் வைத்து, அதன் மேல் பொருத்தினோம். ஏழுமலை வின்ச்சுக்கு வெளியே, சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தவரைப் போல இருந்தார். கடைசியில் டெய்லர் எங்கிருந்தோ ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து உடைத்தார். ஏழுமலையின் கை அட்டையில் எழுதியிருந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் போனது. நான் கைப்பிடிப் பெட்டியைத் திருப்பி வைத்து, வயர்களை மறுபடி இணைத்துக் கொடுத்தேன். அதை மட்டும் டெய்லர் நேராகப் பார்த்தார். "வயர் வேலை சுத்தமா இருக்குதுன்னு சொல்லு ஏழுமலை," என்றார்.

மறுநாள் காலையில் முதல் கர்டர் ஏறியது. ஏழுமலை ஒரு கையில் கைப்பிடியும், தூறலுக்குத் தோளில் சாய்த்த குடையுமாக ஓட்டினார். மூன்றாவது கர்டர் தூணில் உட்கார்ந்த இரண்டாம் நாள் ஆற்றில் தண்ணீர் வந்தது.

மேசை எனக்கு நிலைத்தது. என் நகரும் சீட்டு இழுப்பறையிலிருந்து வெளியே வந்து பட்டறையில் சட்டமானது. முதலாளி டெய்லரைக் கூப்பிட்டு, இனிமேல் அளவெடுக்கப் போக வேண்டாம் என்றார். டெய்லர் சரி என்றார். பட்டறையில் எது பொருந்தாவிட்டாலும் "ஏழுமலை அளவு" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு வேளையில் அந்தக் கதையை என்னைத்தான் சொல்லச் சொல்வார்கள். நான் நன்றாகவே சொல்வேன். முட்டி காதைத் தொட்ட இடத்தில் எழுந்து நின்று நடித்தும் காட்டுவேன். டெய்லர் ஒரு ஓரத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். போன வருடம் வேலையை விட்டு நின்றார்.

சில மாதங்களுக்கு முன்னால் கீரப்பாளையத்தில் ஒரு அரிசி ஆலைக்கு மூட்டை தூக்க ஒரு சின்ன வின்ச் கொண்டுபோனோம். அதை ஓட்டப்போகிறவர் வந்தார். குள்ளமான மனிதர். என் சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா அந்தப் பாலத்துல செஞ்சீங்களே, அது மாதிரி வராது. அது எனக்குன்னே செஞ்சது. ஒக்காரத்தான் குடுத்து வெக்கல."

"எந்தப் பாலம்?"

"வெள்ளாத்துப் பாலம். நான்தாம்மா ஏழுமலை."

"அப்ப அந்த உயரமான ஆளு?"

"அவருதாம்மா நெஜமான ஏழுமலை. எங்க மச்சான். எங்க அக்கா பிரசவத்துக்கு சிதம்பரத்துல ஆஸ்பத்திரில கெடந்துச்சு, ஒடம்புக்கு ரொம்ப முடியல. மூணு நாள் வரலன்னா பேரை அடிச்சிடுவாங்க. அதான் ஒரு வாரம் அவரு பேருல நான் நின்னேன். அந்த வாரம்தான் பெரியவரு நாடாவ எடுத்துக்கினு வந்தாரு. பேரு என்னான்னாரு. நான் வேற என்னா சொல்ல முடியும்?"

எனக்கு முதலில் அந்த சைட் இன்ஜினியர் மேல்தான் கோபம் வந்தது. தன் கீழே வேலை செய்கிற ஆளில் ஒரு வாரமாக ஒரு அடிக்கு மேல் குறைந்திருக்கிறது. அந்த மனிதருக்குத் தெரியவில்லை. வருகைப் பதிவில் பெயர் இருக்கிறது, போதும். அவருக்கு முன்னால்தான் டெய்லர் நாடாவைச் சுருட்டினார்.

(உயரமானவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். இருந்தாலும் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அளவை மாற்றவில்லை.)

அன்று சாயங்காலமே மஞ்சக்குப்பத்தில் டெய்லர் வீட்டுக்குப் போனேன். மகளின் சமையலறையில் அடுப்பு மேடையை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏழுமலைக்கு அளவு எடுத்தீங்களே."

"எந்த ஏழுமலை?"

"குள்ள ஏழுமலை."

கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். "சொல்லிட்டானா. அவனுக்கு வாய் நீளம். அதை மட்டும்தான் அளக்காம விட்டுட்டேன்."

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"ஒங்கிட்டயா? நீ போனக் காதுல வெச்சிக்கினு நின்ன."

அவரே சொன்னார்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். வூட்ல கொழந்த வேற பொறந்திருக்குது. எனக்கு என்னா போச்சி? நாலு பேரு சிரிச்சாங்க."

"நாலு வருஷமா நானும் சிரிச்சேன் மாமா. நடிச்சி வேற காட்டினேன்."

"அது நல்லாத்தான் இருக்கும். முட்டி காதுல இடிக்கற எடத்த நீ செய்யும்போது எனக்கே சிரிப்பு வந்துரும். தலையைக் குனிஞ்சிக்குவேன்."

நான் அவரைத் திட்டினேன். கணக்கில்லாமல் திட்டினேன். இப்படி ஒரு பழியை வாங்கிக்கொள்ள யார் சொன்னது, சிரித்தவர்கள் எல்லோரையும் இப்போது முட்டாளாக்கியாயிற்றே, இதுதான் பெரிய மனிதத்தனமா என்றெல்லாம் கேட்டேன். அவர் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் இந்த அம்மாள் என்று சாடையில் கேட்டாள். "டிசைன் இன்ஜினியர்," என்றார்.

மறுநாள் பட்டறையில் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "இருந்தாலும் மாமா ஆளைச் சரியாப் பாத்து அளவு எடுத்திருக்கலாம் இல்லம்மா," என்றார். நான் எழுந்து நின்று பேசியதில் ஆபீஸ் ரூமிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். டெய்லர் எடுத்த அளவில் ஒரு நூல்கூடத் தப்பு கிடையாது என்று முதலாளி தன் வாயால் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

டெய்லர் மேல் எனக்கு உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது. வேறு யாராவது அவரை ஒரு குறை சொன்னால் மட்டும் அது அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது.